செய்நிரல்களின் குடிபெயர்வு

கொழும்பு மருதானையிலிருந்து அவிசாவளைக்குச் செல்லும் களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதையை நேயர்களிற் பலர் அறிவீர்கள். அப்பாதை நெடுங்காலமாக இரண்டரை அடி அகலமுள்ள ஒடுங்கிய பாதையாகவே இருந்து வந்தது. இலங்கையின் பிரதான பாதைகளோ ஐந்தரை அடி அகலமுடையவை. கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்தில் நிரப்பப்பட்ட தாங்கி வண்டியொன்று அகலப் பாதை வழியே நெடுந்தூரம் செல்லும். ஆனால் அவிசாவளைக்குப் போகும் தண்டவாளத்தில் ஒரு முழந்தானும் ஓட அதனால் இயலாதிருந்தது. வண்டியிலே குறையில்லை, தண்டவாளத்திலும் குறையில்லை. ஒன்று மற்றொன்றுக்கென ஆக்கப்படவில்லை என்பதே காரணம். 1990களில் அப்பாதை அகலமாக்கப்பட்ட பின்னரே இவ்வேற்றுமை நீங்கிற்று.

கணினி உலகிலும் இத்தகைய அகல வேற்றுமை உண்டு. விண்டோஸ் என்னும் பணிசெயல் முறைமைக்கென ஆக்கப்பட்ட செய்நிரலை லினக்ஸ் என்னும் முறைமையுள்ள கணினியில் இட்டால் அது தானாக இயங்குவதில்லை. ஒரு முறைமைக்கு ஆக்கியதை வேறொன்றில் இயக்குவது எங்ஙனம்? அதற்கு அறிஞர் எடுத்த முயற்சிகள் யாவை? தமிழிலே எழுதிச் சேமித்து வைத்திருக்கும் நமக்கு அதனால் விளையும் பயன் யாது? இம்மூன்றனையும் இப்பேச்சிலே ஆராய விரும்புகின்றேன்.

முதலில் செய்நிரல் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதைச் சிறிது நோக்குவோம். ஒரு செய்நிரல் இருவரோடு பேசுகின்றது எனலாம். ஒருவர் கணினியின் மூளை போன்ற செயலி. கூட்டு, கழி, ஒப்பிடு, அடுத்த கட்டளைக்குச் செல் என்பன போன்ற எளிய ஏவல்களை அது நிறைவேற்றும். மற்றவர் பணிசெயல் முறைமை. இந்தக் கோப்பைத் திற, இந்த எழுத்தைத் திரையிலே காட்டு, இந்தப் பக்கத்தை அச்சிடு என்பன போன்ற வேண்டுகோள்கள் யாவும் அதனிடமே செல்லும். ஒரு திணைக்களத்திலே பழகிய எழுதுவினைஞர் அத்திணைக்களத்தின் படிவங்களையும் அவற்றின் இலக்கங்களையுமே அறிந்திருப்பார். அவரை வேறொரு திணைக்களத்துக்கு மாற்றினால், வேலை ஒன்றாயிருந்தும், எந்தப் படிவத்தை எவரிடம் நீட்டுவது என்பது தெரியாமல் நிற்பார். செய்நிரலின் நிலையும் அதுவே.

இவ்விடரைத் தீர்க்க மூன்று வழிகள் உண்டு. புகையிரத உவமையையே தொடர்ந்து கொள்வோம். ஒரு பாதைக்குரிய வண்டியை, மற்றப் பாதைக்குரிய பெரிய வண்டியொன்றின் மேல் ஏற்றிக் கொண்டுபோவது முதலாவது வழி. பழைய கணினி முழுவதையும் புதிய கணினியினுள்ளே பாவனையாகப் படைத்து, பழைய செய்நிரலை அதனுள் ஓடவிடுதல் இவ்வகையினது. இரண்டாவது, பாதையிலே மூன்றாவது தண்டவாளம் ஒன்றைப் பதித்து, இருவகை வண்டிகளும் ஒரே பாதையில் ஓடச் செய்தல். செய்நிரல் விடுக்கும் வேண்டுகோள்களை இடையில் நின்று ஏற்று, புதிய முறைமை அறிந்த வேண்டுகோள்களாக மாற்றிக் கொடுத்தல் இதற்கு நிகர். மூன்றாவது, வண்டியின் சக்கரத் தொகுதியையே மாற்றுதல். போலந்துக்கும் பெலாரசுக்கும் இடையேயுள்ள பிரெஸ்ற் எல்லை நிலையத்தில் இதனைச் செய்து வந்துள்ளனர். செய்நிரலின் மூலவரைவைக் கொண்டு புதிய முறைமைக்கென அதனை மீண்டும் ஆக்குதல் இம்மூன்றாம் வழியாகும். இது சிறந்த வழியே; ஆயினும் மூலவரைவு செய்நிரலை ஆக்கியவர் கையிலேயே இருக்கும். அவர் அதனை மாற்றித் தர மனமின்றி இருப்பின், அல்லது அவரது கொம்பனியே மறைந்துபோயிருப்பின், நமக்கு எஞ்சுவன முதலிரு வழிகளுமே.

இனி வரலாற்றைப் பார்ப்போம். இப்பிரச்சினை வீட்டுக் கணினிகள் தோன்றுவதற்கு முன்னரே எழுந்தது. ஐ.பி.எம். நிறுவனம் 1959 இல் அறிமுகஞ் செய்த 1401 என்னும் கணினி பெருவெற்றி பெற்றது. 10,000க்கும் மேற்பட்ட பொறிகள் உலகெங்கும் பரவின. வங்கிகளும் காப்புறுதிக் கொம்பனிகளும் தம் கணக்குகளை அதற்கென எழுதுவித்த செய்நிரல்களிலே ஏற்றி வைத்தன. பொறியின் விலையினும் அச்செய்நிரல்களை எழுதுவதற்குச் சென்ற உழைப்பே பெரிதாயிற்று. இதனை உணர்ந்த ஹனிவெல் என்னும் போட்டி நிறுவனம் 1963 டிசம்பரில் தனது 200 என்னும் கணினியை அறிவித்தது. 1401 இன் செய்நிரல்களைத் தன் பொறிக்கு ஏற்றவாறு மாற்றித் தரும் நிரலொன்றையும் அது உடன் வழங்கிற்று. அந்நிரலுக்கு இட்ட பெயரோ 'விடுவிப்பவன்' என்னும் பொருளுடையது. தன் பிடியிலிருந்த வாடிக்கையாளர் விடுபடத் தொடங்கியதைக் கண்ட ஐ.பி.எம். விழித்துக் கொண்டது.

1964 ஏப்பிரல் 7 ஆம் நாள் அந்நிறுவனம் தனது 360 என்னும் கணினி வரிசையை வெளியிட்டது. அது பழைய 1401 இனின்றும் முற்றும் வேறான அமைப்புடையது. ஆயினும் பொறியின் உள்ளே நுண்கட்டளைத் தொகுதியொன்றை அமைத்து, அது பழைய பொறியைப் போலவே நடிக்குமாறு செய்தனர். வாடிக்கையாளர் தம் பழைய செய்நிரலைப் புதிய பொறியிலே இட்டு அன்றே வேலையைத் தொடரக் கூடியதாயிற்று. இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பிறர் வீட்டுச் செய்நிரலைத் தன் வீட்டில் வாழவைக்கும் இக்கலை வெறும் ஆராய்ச்சி ஆர்வத்தினாற் பிறந்ததன்று. மனிதர் ஏற்கெனவே செலவிட்ட உழைப்பு வீணாகக் கூடாது என்னும் தேவையே அதனைப் பெற்றது.

மூன்றாம் வழியாகிய சக்கர மாற்றத்தை எளிதாக்கியவர்கள் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர். 1969 இல் அங்கே தோன்றிய யுனிக்ஸ் என்னும் முறைமை, 1973 இல் சீ என்னும் கணினி மொழியிலே திரும்ப எழுதப்பட்டது. அதுவரை பணிசெயல் முறைமைகள் பெரும்பாலும் ஒவ்வொரு பொறியின் தனிமொழியிலேயே எழுதப்பட்டு வந்தன. பொதுமொழியொன்றில் எழுதப்பட்டமையால் யுனிக்ஸ் பொறிக்குப் பொறி குடிபெயரும் ஆற்றல் பெற்றது. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர மாணவராயிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் வெளியிட்ட லினக்ஸ் அம்மரபைப் பின்பற்றியதே.

ஆனால் அதற்குள் உலகின் பெரும்பாலான மேசைக் கணினிகளில் மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் முறைமைகள் இடம்பிடித்துவிட்டன. 1981 இல் டொஸ் வந்தது; 1990 இல் வெளியான விண்டோஸ் மூன்றாம் பதிப்புப் பெருவழக்குப் பெற்றது. எழுத்தாளரும் கணக்காளரும் அச்சகத்தாரும் பயன்படுத்தும் செய்நிரல்கள் பல அதற்கென்றே எழுதப்படலாயின. வேறொரு முறைமையை விரும்புவோர்க்கு ஒரே கேள்விதான்: நம் செய்நிரல்கள் அங்கே ஓடுமா?

இக்கேள்விக்கு ஐ.பி.எம். கொடுத்த மறுமொழி படிப்பினை மிக்கது. தனது ஓ.எஸ். 2 என்னும் முறைமையின் இரண்டாம் பதிப்பை அது 1992 இல் வெளியிட்டது. டொஸ் செய்நிரல்களையும் விண்டோஸ் செய்நிரல்களையும் அவற்றின் சொந்த வீட்டினும் சிறப்பாக இயக்குவோம் என்று விளம்பரமும் செய்தது. பெரும்பாலும் அது உண்மையே. ஆயினும் விளைவு எதிர்மாறாயிற்று. விண்டோசுக்கென எழுதினால் இரு முறைமைகளிலும் ஓடுமெனின், ஓ.எஸ். 2 இற்கெனத் தனியாக எழுதுவானேன் என்று செய்நிரல் ஆக்குவோர் எண்ணினர். 1995 இல் புதிய விண்டோஸ் வெளிவந்ததும் அதற்குரிய புதிய செய்நிரல்களை ஓ.எஸ். 2 இயக்க மாட்டாததாயிற்று. சொந்தச் செய்நிரல்களும் அதற்குப் போதியன இல்லை. 2006 ஆம் ஆண்டின் இறுதியோடு அதற்கான ஆதரவை ஐ.பி.எம். நிறுத்திவிட்டது. விருந்தினரை ஏற்கும் வீட்டுக்குச் சொந்தக் குடியும் வேண்டும் என்பதே அந்நிகழ்ச்சி காட்டும் உண்மை.

இரண்டாம் வழியாகிய மூன்றாந் தண்டவாளத்தைப் பதித்தோருள் முதன்மையாகக் கூறத்தக்கது வைன் என்னும் திட்டம். விண்டோஸ் செய்நிரல்களை லினக்சிலே இயக்குவதற்கென 1993 இல் பொப் அம்ஸ்ராட் முதலானோர் அதனைத் தொடங்கினர். 1994 முதல் அலெக்சாண்டர் ஜூலியார் அதன் தலைமையை ஏற்று நடத்தி வருகின்றார். 'இது போலிப் பொறி அன்று' என்னும் கருத்தமைந்த ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களே அப்பெயராக வழங்குகின்றன. அப்பெயர் பொருத்தமானதே. வைன் வேறொரு கணினியைப் பாவனை செய்வதில்லை. செய்நிரல் செயலிக்கு இடும் ஏவல்கள் அப்படியே நேரே செல்லும்; விண்டோசிடம் விடுக்கும் வேண்டுகோள்களை மட்டுமே வைன் ஏற்று, லினக்சின் வேண்டுகோள்களாக மாற்றும். ஆதலால் வேகம் பெரிதும் குன்றுவதில்லை.

கேட்பதற்கு எளிதாயிருக்கும் இவ்வேலை செய்வதற்கு மிக அரிது. விண்டோஸ் ஏற்கும் வேண்டுகோள்கள் பல்லாயிரம். அவற்றின் உள்ளமைப்பை அதன் உரிமையாளர் வெளியிடுவதில்லை. இன்ன கேள்விக்கு இன்ன விடை வருகின்றது என்பதைச் சோதித்துச் சோதித்தே அறிதல் வேண்டும். விண்டோசிலுள்ள பிழைகளையுங்கூட அப்படியே பின்பற்ற வேண்டிய நிலை சிலவேளை உண்டு. ஏனெனில் அப்பிழையை நம்பி எழுதப்பட்ட செய்நிரல்களும் உள்ளன. தன்னார்வலர்களின் உழைப்பினாலும் வளர்ந்த இத்திட்டம் தன் முதலாவது முழுமைப் பதிப்பை 2008 யூன் மாதத்திலேயே வெளியிட்டது. தொடங்கிய நாளிலிருந்து அதற்குச் சென்ற காலம் 15 ஆண்டுகள். அதன் அடிப்படையில் வால்வ் என்னும் விளையாட்டு நிறுவனம் 2018 இல் புரோட்டன் என்னும் தொகுதியை அமைத்தது. இன்று விண்டோசுக்கென ஆக்கப்பட்ட ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் லினக்சிலே ஓடுகின்றன. மைக்ரோசொப்ற் நிறுவனமும் 2016 இல் லினக்ஸ் செய்நிரல்களைத் தன் விண்டோசிலே இயக்கும் வசதியை அளித்தது. பாலம் இருபுறமும் அமைந்ததெனலாம்.

இப்பாலங்களைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. பாலத்தைக் கட்டியவன் அதனை அகற்றவும் வல்லவன். அப்பிள் நிறுவனம் தன் கணினிகளின் செயலியை 1994 இல் ஒருமுறை மாற்றியது. 2006 இல் மற்றொருமுறை மாற்றியது. 2020 இல் மூன்றாம் முறையும் மாற்றியது. ஒவ்வொரு முறையும் பழைய செய்நிரல்களைப் புதிய செயலியில் இயக்கும் இடைச்சாதனம் ஒன்றையும் அது உடன் வழங்கிற்று. 2006 இல் வந்த சாதனத்தின் பெயர் ரொசெற்றா. அறியப்படாதிருந்த எகிப்திய எழுத்தைப் படிக்க உதவிய கல்லின் பெயர் அது. ஆனால் 2011 இல் வெளிவந்த அடுத்த முறைமையில் ரொசெற்றா நீக்கப்பட்டது. ஐந்தாண்டுகளுக்குள் பொருளை எடுத்துக்கொண்டு இக்கரை வராதோர் அக்கரையிலேயே விடப்பட்டனர். விண்டோசின் வரலாற்றிலும் இது நிகழ்ந்தது. 1990களின் முற்பகுதியில் விண்டோசுக்கென எழுதப்பட்ட பதினாறு துணுக்குச் செய்நிரல்களை இக்காலத்து அறுபத்துநான்கு துணுக்கு விண்டோஸ் ஏற்பதில்லை. வியப்பு என்னவெனில், சொந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட அவற்றுட் பல, அயல்வீடாகிய லினக்சிலே வைனின் துணையோடு இன்றும் உயிர் வாழ்கின்றன.

பிறர் ஆக்கிய முறைமையைப் போல நடிக்கச் செய்வது சட்டப்படி முறையா என்னும் வினா எழுதல் இயல்பு. அமெரிக்க நீதிமன்றங்கள் இதனை ஆராய்ந்துள்ளன. சோனி நிறுவனத்தின் விளையாட்டுப் பொறியைக் கணினியிலே பாவனை செய்த கொனெக்ரிக்ஸ் நிறுவனத்தின் சார்பில் 2000 இல் மேன்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. ஜாவா என்னும் மொழியின் வேண்டுகோள் வடிவங்களைக் குறிக்கும் ஏறத்தாழ 11,500 வரிகளைக் கூகிள் எடுத்தாண்டமை நியாயமான பயன்பாடே என அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2021 ஏப்பிரலில் தீர்ப்பளித்தது. இலங்கையிலும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினிச் செய்நிரலைப் பாதுகாக்கின்றது. ஆகவே பாலம் அமைப்பது வேறு, அனுமதியின்றிப் படியெடுப்பது வேறு. வைனிலே ஓடினாலும், விலைகொடுத்து வாங்க வேண்டிய செய்நிரலை விலைகொடுத்தே வாங்குதல் வேண்டும். மாணவர்க்கு இவ்வேற்றுமையை உணர்த்துவது ஆசிரியர் கடன்.

இதுவரை கூறியவை பிறநாட்டுச் செய்திகள். இனி நம் வீட்டுக்கு வருவோம். தமிழ் இலக்கியமும் இதழ்களும் பாடசாலை மலர்களும் கணினியிலே அச்சுக்கோக்கப்படத் தொடங்கியபோது, கணினி தமிழை அறியாதிருந்தது. ஆகவே ஒரு தந்திரம் செய்தனர். ஆங்கில எழுத்துக்களின் இடத்திலே தமிழ் எழுத்துக்களின் வடிவங்களை வரைந்து எழுத்துருக்கள் ஆக்கினர். இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையிலும் பெருவழக்குப் பெற்ற பாமினி அத்தகையது. 'அம்மா' என்னும் சொல்லை அதிலே எழுதினால், கணினியின் நினைவிலே பதிவது தமிழன்று. எம், கே, அரைப்புள்ளி, மீண்டும் கே, அதன்பின் எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளே. பாமினி எழுத்துரு இருக்கும்வரை அவை 'அம்மா' எனக் கண்ணுக்குத் தோன்றும். அது இல்லாத கணினியிலே பொருளற்ற ஆங்கிலக் குவியலாய்த் தோன்றும்.

இதிலே சிந்திக்கத்தக்க வரலாற்றுத் தொடர்பொன்று உண்டு. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து சிங்கப்பூரிலே வாழ்ந்த ஆர். முத்தையா என்பவர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்தார். அது ஜேர்மனியிலே செய்விக்கப்பட்டது. வழக்கிற் பரவிய தமிழ்த் தட்டச்சின் நடுவரிசை ய, ள, ன, க, ப எனத் தொடங்கும். பாமினியின் விசை ஒழுங்கும் அதுவே. கம்பியும் உருக்குமாய் அமைந்த பொறிக்கெனப் பயின்ற விரல்கள் கணினியிலும் தடுமாறாது எழுதின. 1401 இன் செய்நிரல்களைப் புதிய பொறியிலே இயக்கிய ஐ.பி.எம். பொறியியலாளரின் நோக்கமும் இதுவேயன்றோ? கற்ற உழைப்பு வீண்போகாது காத்தமை இதன் நன்மை. ஆயினும் எழுத்தைச் சேமிக்கும் முறையிலே அது ஒரு பூட்டைப் போட்டுவிட்டது.

உண்மையிலே பூட்டுகள் மூன்று. 1990களின் இறுதியில் ஒரு வித்தியாசாலையின் ஆண்டு மலர் அச்சுக்கோக்கப்பட்டது என்று வைத்துக் கொள்வோம். அது விண்டோஸ் 98 இலே ஓடிய பேஜ்மேக்கர் என்னும் செய்நிரலில், பாமினி எழுத்துருவில் அமைந்திருக்கும். பேஜ்மேக்கர் 2001 இல் வெளிவந்த ஏழாம் பதிப்போடு வளர்ச்சி நின்றுபோனது. இன்று அக்கோப்பைத் திறக்க விரும்புவோர்க்குப் பணிசெயல் முறைமை முதற் பூட்டு. செய்நிரல் இரண்டாம் பூட்டு. எழுத்துரு மூன்றாம் பூட்டு. வைன் போன்ற பாலமும், பழைய முறைமையையே முழுமையாகப் பாவனை செய்யும் சாதனங்களும் முதற் பூட்டைத் திறக்க உதவும். பழைய செய்நிரலின் தட்டு நம்மிடம் இருப்பின் இரண்டாவதும் திறக்கும். மூன்றாவதையோ எந்தப் பாலமும் திறக்காது. செய்நிரல் அயல்வீட்டிலே செவ்வனே ஓடினாலும், அது தருவது அதே ஆங்கிலக் குறிகளின் குவியலே.

மூன்றாம் பூட்டைத் திறக்கும் சாவி யூனிகோட். உலகின் எழுத்துக்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் வழங்கும் இப்பொது நியமம் 1991 இல் வெளிவந்தபோதே தமிழுக்கும் அதில் இடம் இருந்தது. 2000 ஆம் ஆண்டின் விண்டோஸ் பதிப்பு அதனைத் தமிழுக்கு ஏற்றது, லினக்சும் ஏற்றது. எந்தச் செய்நிரல், எந்த முறைமை என்னும் வேறுபாடின்றி 'அ' எங்கும் 'அ' ஆகவே இருக்கும் நிலை வந்தது. இதற்கிடையே தமிழ் அறிஞர் பலவழிகளைத் தேடினர். சென்னையில் 1999 பெப்ரவரியில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்நாட்டரசு தாம், தாப் என்னும் குறியீட்டு முறைகளையும், தமிழ் 99 என்னும் விசைப்பலகையையும் ஏற்றது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2008 இல் யூனிகோடை அடியொற்றித் தமிழுக்குரிய நியமத்தை வகுத்தது.

பாமினியிலுள்ளதை யூனிகோடாக மாற்றுவது எழுத்துக்கு எழுத்தை வைக்கும் எளிய வேலையன்று. 'கொலன்னாவை' என்னும் நம்மூர்ப் பெயரையே எடுத்துக் கொள்வோம். பாமினியிலே முதலில் ஒற்றைக் கொம்பு, பின் ககரம், அதன்பின் அரவு எனக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே குறிகள் நிற்கும். யூனிகோடிலோ முதலிற் ககரம் வரும். அதன்பின் ஒகர உயிர்க்குறி ஒன்றாக வரும். ஈற்றிலுள்ள 'வை' யிலும் அவ்வாறே. பாமினியில் ஐகாரக் குறி வகரத்துக்கு முன்னும், யூனிகோடில் பின்னும் நிற்கும். ஆகவே மாற்றும் நிரல் குறிகளை இடம்பெயர்த்து ஒழுங்குபடுத்த வேண்டும். இடையிலே உண்மையான ஆங்கிலச் சொல்லொன்று இருப்பின் அதனையும் தமிழெனக் கருதிக் கெடுத்துவிடும். இத்தகைய மாற்றிகள் பல இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. எனினும் மாற்றிய பின் மனிதக் கண்ணொன்று மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது. பழைய ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தோர் செய்த பணிக்கு இது ஒப்பானது.

இவ்வேலையை முன்னரே செய்து காட்டியோர் உளர். 1998 பொங்கல் நாளிலே தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலரின் கைகளால் கணினியிலே ஏற்றியது. தொடக்கத்திலே தஸ்கி என்னும் குறியீட்டிலே வைத்திருந்த நூல்களைப் பின்னர் அது யூனிகோடுக்கு மாற்றியது. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் திட்டம் இலங்கைத் தமிழரின் நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் எண்ணிம வடிவிலே சேர்த்து வருகின்றது. தமிழ்நாட்டிலே எல்காட் நிறுவனம் லினக்சை அலுவலகங்களிலே புகுத்த முயன்றது. 2011 செப்டெம்பரில் அங்கே மாணவர்க்கு இலவச மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியபோது, விண்டோசோடு இந்திய அரசின் சீடாக் நிறுவனம் லினக்சை அடியொற்றி ஆக்கிய பொஸ் என்னும் முறைமையும் ஒரே கணினியிலே நிறுவப்பட்டது. ஒரு வீட்டிலே இரு குடிகளை வைத்த ஏற்பாடு அது. மாணவன் எக்குடியில் எழுதினாலும் எழுத்து ஒன்றாகவே இருந்தமைக்குக் காரணம் யூனிகோட்.

இவற்றையெல்லாம் இப்போது ஏன் எண்ண வேண்டும்? 2014 ஏப்பிரலில் விண்டோஸ் எக்ஸ்பி என்னும் பதிப்புக்கான ஆதரவு நின்றது. 2025 ஒக்டோபர் 14 ஆம் நாள் விண்டோஸ் பத்தாம் பதிப்புக்கான பொது ஆதரவும் நின்றது. அடுத்த பதிப்பாகிய பதினொன்று, குறித்த பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் உடைய கணினிகளையே ஏற்கின்றது. பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் நல்ல நிலையில் உள்ள கணினிகள் பல இதனாற் புறந்தள்ளப்படும் நிலை எழுந்துள்ளது. அவற்றிலே இலவசமாகக் கிடைக்கும் லினக்சை நிறுவலாம் என்று சொன்னால், 'எங்கள் பழைய செய்நிரல்கள் என்ன ஆகும்?' என்பதே எழும் முதற் கேள்வி. 1964 இல் வங்கி முகாமையாளர் கேட்ட கேள்வியும் அதுவே. அதற்கு விடை உண்டு என்பதை இதுவரை கூறிய வரலாறு காட்டும். எல்லாச் செய்நிரலும் ஓடா; பல ஓடும். ஓடுமா என்று சோதித்துப் பார்த்தபின் முடிவு செய்வதே அறிவுடைமை. பயன்படத்தக்க பொருளைக் குப்பையென எறிவதன் முன் ஒருகணம் தயங்குதல் வேண்டும். குப்பை மலையாய் வளர்ந்தால் யாது நேரும் என்பதைக் கொலன்னாவைப் பகுதி மக்களுக்கு எவரும் சொல்ல வேண்டுவதில்லை. 2017 ஏப்பிரல் 14 ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தன்று, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

பொறியினும் பெரிது அதிலுள்ள எழுத்து. 2016 மே மாதத்திலே களனி கங்கை பெருக்கெடுத்துக் கொலன்னாவையையும் வெல்லம்பிட்டியையும் சூழ்ந்தபோது, வீடுகளிலும் நிலையங்களிலும் இருந்த புத்தகங்களும் ஏடுகளும் நீரிலே ஊறி அழிந்தன. கடதாசியை வெள்ளம் அழிக்கும் என்பது எல்லோர்க்கும் தெரியும். கணினியிலுள்ள எழுத்தை மறதி அழிக்கும் என்பது பலர்க்குத் தெரிவதில்லை. கோப்பு அப்படியே இருக்கும், திறப்பாரின்றி இருக்கும். அது சேற்றிலே புதைந்த ஏட்டினும் மேலானதன்று.

ஆகவே நேயர்களே, சன்மார்க்க சங்கங்கள், வாசிகசாலைகள், பழைய மாணவர் சங்கங்கள், சிற்றிதழ் நடத்தியோர் ஆகிய அனைவரிடத்தும் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். உங்கள் பழைய தட்டுகளையும் கணினிகளையும் எறிந்துவிடாதீர்கள். அவற்றிலே தமிழ் எழுதப் பயன்பட்ட செய்நிரலின் தட்டையும், எழுத்துருவின் கோப்பையும் எழுத்தோடு ஒன்றாக வைத்துப் பேணுங்கள். பாலங்கள் திறந்திருக்கும் இக்காலத்திலேயே, கணினி கற்ற மாணவர் இருவரை அழைத்து, பழைய செய்நிரலைப் புதிய கணினியிலே இயக்கிப் பாருங்கள். உள்ளே உள்ள எழுத்தை வெளியே எடுத்து, யூனிகோடாக மாற்றி, அச்சிட்ட மலரோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். திருத்திய படியை ஓரிடத்தில் வையாது மூன்றிடத்தில் வையுங்கள். பொது நூலகத் திட்டங்களுக்கும் ஒரு படி கொடுங்கள்.

ரொசெற்றா என்னும் பாலம் ஐந்தாண்டு மாத்திரமே நின்றது. வைன் 30 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றது. அதனைக் காப்போர் உள்ளவரை நிற்கும். எப்பாலமும் என்றைக்கும் உரியதன்று. அடுத்த விடுமுறையிலேயே அந்தப் பழைய பெட்டியைத் திறந்து பார்ப்பீர்களென நம்புகின்றேன்.